இமாம் இப்னு நஃபீஸ் கண்டதும் காணாததும்

வடசென்னையைச் சேர்ந்த சாத்தாங்காட்டில் ஒரு மீலாது விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே கிடக்கும் அவ்வூரை அறியாதவர்க்கு ஒரு சொல்: இரும்பு, எஃகு வணிகத்துக்கென்றே அமைந்த பெரிய அங்காடி அங்கு உள்ளது. தகடும் கம்பியும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போய் வருகின்றன. வெட்டும் இயந்திரங்களின் ஓசை காதை விட்டு அகல்வதில்லை. விழாவில் உரையாற்றிய பேச்சாளர் நல்ல குரல்வளம் உடையவர். முஸ்லிம்கள் உலகுக்கு அளித்த அறிவுக் கொடைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவர், இரத்த ஓட்டத்துக்கு வந்ததும் குரலை உயர்த்தினார். மனித உடம்பில் இரத்தம் சுற்றி வருவதை முதன்முதலில் கண்டறிந்தவர் நம் இமாம் இப்னு நஃபீஸ் என்றும், ஆங்கிலேயரான ஹார்வி அதைத் திருடித் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்டார் என்றும் முழங்கினார். தக்பீர் எழுந்தது. நாமும் சேர்ந்தே சொன்னோம்.

கூட்டம் கலைந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் நம் அருகில் வந்து அமர்ந்தார். இரும்புப் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் சற்றே வளைந்து, மற்ற விரல்களினும் மெலிந்து காணப்பட்டன. தகடு வெட்டும் இயந்திரத்தில் துண்டாகிப் போன அவ்விரல்களை மருத்துவர்கள் மறுபடியும் பொருத்தியிருந்தார்கள். அவர் கேட்டார்:

“பாய், டாக்டரு எங்கிட்ட சொன்னாரு, ரத்தம் போற குழாய் வேற, திரும்பி வர்ற குழாய் வேற, ரெண்டையும் தச்சாத்தான் விரலு பொழைக்கும்னு. அந்த இமாமு இதையும் எழுதி வச்சிருக்காரா?”

நம்மிடம் உடனடி விடை இல்லை. படித்துவிட்டுச் சொல்கிறோம் என்று கூறி வந்தோம். படிக்கப் படிக்க, மேடையில் கேட்டதைவிட மேலான ஒரு வரலாறு கிடைத்தது. ஆனால் அது வேறொரு வரலாறு.

இளைஞரின் கேள்வியில் உள்ள ‘போகும் குழாய், வரும் குழாய்’ என்ற பாகுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்வது தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது சிரை. அரபியில் இவை முறையே ஷிர்யான், வரீத் எனப்படும். இரண்டாவது சொல் நமக்குப் புதிதன்று. திருமறையின் 50-ஆம் அத்தியாயம் 16-ஆம் வசனத்தில், இறைவன் மனிதனுக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறான் என்பதைக் காட்ட எடுத்தாளப்பட்டிருக்கும் சொல் அதுவே. தமிழ் மொழிபெயர்ப்புகளில் அதைப் ‘பிடரி நரம்பு’ என்று படித்துப் பழகியிருக்கிறோம். நரம்பு என்ற சொல்லைக் கண்டு சிலர் குழம்புவதுண்டு. தமிழில் அச்சொல் நெடுங்காலமாக இரண்டு பொருளையும் சுமந்து வருகிறது. இன்றும் சிரையில் போடும் ஊசியை நம் வீடுகளில் நரம்பு ஊசி என்றுதானே சொல்கிறோம்! வசனத்தில் குறிக்கப்படுவது கழுத்தில் ஓடும் இரத்தக் குழாய்.

இனி, இமாமுக்கு முன் உலகம் நம்பி வந்தது என்ன என்பதைப் பார்ப்போம். கிறிஸ்து பிறப்புக்குப் பிந்திய இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவ மேதை காலன் (அரபு நூல்களில் ஜாலீனூஸ்) வகுத்ததே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டமாக இருந்தது. உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, அது சிரைகள் வழியே உறுப்புகளுக்குச் சென்று, வயலில் பாய்ந்த நீர் மண்ணில் சுவறுவதுபோல் அங்கேயே செலவாகிவிடுகிறது, திரும்பி வருவதில்லை. அதில் ஒரு பகுதி மட்டும் இதயத்தின் வலப்பக்க அறைக்கு வந்து, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்க அறைக்குக் கசிந்து, அங்கே காற்றின் சாரத்தோடு கலந்து உயிர்ப்பு பெறுகிறது. காலனின் கொள்கை இதுதான். இப்னு சீனா (980–1037) தம் ‘கானூன்’ என்னும் பெருநூலில் உடற்கூற்றை எழுதும்போதும் பெரும்பாலும் காலனையே பின்பற்றினார். கிழக்கிலும் மேற்கிலும் மருத்துவம் பயின்றோர் அனைவரும் அந்தத் துளைகளை நம்பினார்கள். கண்டவர் ஒருவருமில்லை.

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல் குறஷீ என்பது இமாம் இப்னு நஃபீஸின் முழுப்பெயர். கி.பி. 1210-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திமிஷ்க் நகருக்கு அருகில் பிறந்தவர். சுல்தான் நூருத்தீன் அந்நகரில் நிறுவிய பீமாரிஸ்தானில், தக்வார் என்று புகழ்பெற்ற பேராசிரியர் நிறுவிய மருத்துவ மரபில் பயின்று, பின்னர் கெய்ரோவுக்குச் சென்று எகிப்தின் தலைமை மருத்துவர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். நம் கடற்கரை ஊர்களில் பலரும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் ஃபிக்ஹு அறிஞராகவும் விளங்கினார். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் அச்சட்டத்தைப் போதித்தார். இமாம் சுப்கீ எழுதிய ஷாஃபி அறிஞர் வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு. மார்க்கக் கல்வி ஒருபுறம், உலகக் கல்வி மறுபுறம் என்று நம் பிள்ளைகளுக்கு இன்று நாம் போடும் வேலி அவருடைய தெருவில் இல்லை.

அவரைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சொல்லும் செய்திகளுள் ஒன்று நமக்கு மிகவும் பிடித்தமானது. ஒருநாள் பொதுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே எழுந்து உடை மாற்றும் கூடத்துக்கு வந்து, மையும் எழுதுகோலும் தாளும் வரவழைத்து, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு சிறு நூலை எழுதி முடித்துவிட்டு, மீண்டும் உள்ளே சென்று குளியலை முடித்தாராம். இறுதி நோயின்போது மருத்துவ நண்பர்கள் மருந்தாகச் சிறிது மது அருந்தும்படி வற்புறுத்தினார்கள். மது உடம்பில் இருக்கும் நிலையில் இறைவனைச் சந்திக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஹிஜ்ரி 687, கி.பி. 1288 டிசம்பரில் வஃபாத்தானார். தம் இல்லத்தையும் நூலகத்தையும் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்ஃபாக எழுதி வைத்திருந்தார்.

இளைஞரின் கேள்விக்கு விடை தர வல்ல நூல், கானூனின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு அவர் எழுதிய உரை: ‘ஷரஹு தஷ்ரீஹில் கானூன்’. இதன் பிரதி ஒன்று கி.பி. 1242-ஆம் ஆண்டைக் காட்டுவதால், முப்பது வயதை ஒட்டிய பருவத்திலேயே அவர் இதை எழுதிவிட்டார் எனலாம். பொதுவாக உரையாசிரியர்கள் மூலநூலைத் தாங்கிப் பேசுவார்கள். இவரோ, இதயத்தின் நடுச்சுவர் தடித்தது, கெட்டியானது. அதில் கண்ணுக்குத் தெரியும் வழியும் இல்லை, காலன் கூறிய தெரியாத வழியும் இல்லை என்று நேராகவே மறுத்துவிட்டார். அப்படியானால் வலப்பக்க இரத்தம் இடப்பக்கம் வருவது எவ்வாறு? ஒரே வழிதான் உண்டு: வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் பெருங்குழாய் வழியே போய், நுரையீரலில் பரவி, காற்றோடு கலந்து, அங்கிருந்து மற்றொரு குழாய் வழியே இடது அறையை அடைகிறது.

அந்த இரு குழாய்களுக்கும் இடையே நுரையீரலில் நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்றும் அவர் எழுதினார். இதயத்தின் தசைக்கு உணவு கிடைப்பது அறைகளில் தேங்கும் இரத்தத்திலிருந்து அன்று, அத்தசைக்குள்ளேயே ஓடும் குழாய்களிலிருந்தே என்றும் கூறினார். மாரடைப்பு என்று நாம் அஞ்சும் நோய் வருவது இந்தக் குழாய்கள் அடைபடுவதால்தான் என்பதை இன்று சிறுவரும் அறிவர்.

வெட்டிப் பார்ப்பதிலிருந்து மார்க்க நெறியும் இயல்பான இரக்கமும் தம்மைத் தடுத்தன என்று அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஆயினும் நூலுக்குள் அறுத்துப் பார்த்தவர்போலச் சில இடங்களில் பேசுவதால், அவர் எதையேனும் அறுத்தாரா இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் கருத்தில் அது பெரிய வழக்கன்று. ஆயிரம் ஆண்டு மதிப்புப் பெற்ற ஒருவர் சொன்னதை, ‘இல்லை’ என்ற ஒரு சொல்லால் நிறுத்தும் துணிவு அரிதினும் அரிது.

அப்படியானால் விரல் பிழைத்த வழியையும் இமாம் கண்டாரா? இல்லை. இதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வலது இதயத்திலிருந்து நுரையீரல் வழியாக இடது இதயம் வரையிலான பாதையைத்தான் அவர் கண்டார். இடது இதயத்திலிருந்து புறப்பட்டுக் கைக்கும் காலுக்கும் சென்ற இரத்தம் சிரைகள் வழியே மீண்டும் வலது இதயத்துக்குத் திரும்புகிறது என்று அவர் சொல்லவில்லை. கல்லீரலிலிருந்து சிரைகள் வழியே உணவு உறுப்புகளுக்குச் செல்கிறது என்ற பழைய கொள்கையை அவர் கைவிடவுமில்லை. வட்டத்தின் ஒரு பகுதி அவருடையது. வட்டம் என்ற கருத்து அவருடையதன்று.

அந்தக் கருத்து வில்லியம் ஹார்வியுடையது. இத்தாலியின் பதுவா நகரில் பயின்று 1602-இல் பட்டம் பெற்ற அவருக்கு அங்கே ஆசிரியராக இருந்த ஃபாப்ரீசியஸ், சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற அமைப்புகள் இருப்பதை 1603-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவை எதற்கு என்பது ஆசிரியருக்கு விளங்கவில்லை, மாணவருக்கு விளங்கியது. கதவுகள் அனைத்தும் இதயத்தை நோக்கியே திறக்கின்றன. ஆகவே சிரையில் இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே செல்ல முடியும்.

1628-இல் வெளிவந்த நூலில் ஹார்வி முன்வைத்த வாதங்களுள் இரண்டை நம் இல்லங்களிலேயே சோதித்துக்கொள்ளலாம். இரத்தம் எடுக்கும்போது செவிலியர் புயத்தில் ரப்பர் குழாயைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டுக்குக் கீழே சிரைகள் புடைக்கின்றன, மேலே புடைப்பதில்லை. ஏன்? ஆழத்தில் ஓடும் தமனி வழியே இரத்தம் கைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. தோலின் அடியில் ஓடும் சிரை வழியே திரும்பிப் போகத்தான் கட்டு தடையாகிறது. மேலும் இறுக்கிக் கட்டினால் தமனியும் அடைபட்டு, மணிக்கட்டில் நாடி நின்று, கை வெளிறிவிடும். (இதைச் செய்து பார்க்க வேண்டாம், முதலாவது போதும்.)

இரண்டாவது வாதம் கணக்கு. இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் இரத்தத்தையே வெளியேற்றுவதாகக் குறைத்தே வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்துக்கு ஆயிரம் துடிப்பு என்றும் குறைத்தே எண்ணினார். அப்போதும் அரை மணிக்கு 500 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 14 கிலோ இரத்தம் ஆகிறது! உண்மையான அளவு இதனினும் மிகுதி. துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 துடிப்பு. ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர், நாளுக்கு 7,000 லிட்டருக்கும் மேல். கோடைக்காலத்தில் நம் வடசென்னைத் தெருக்களுக்கு வந்து நிற்கும் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்குக்குக் குறையாது. மூன்று வேளைச் சோற்றிலிருந்து கல்லீரல் நாள்தோறும் ஒரு லாரி இரத்தத்தை உண்டாக்க இயலுமா? ஒரே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. நம் உடம்பில் இருப்பது மொத்தமே 5 லிட்டர் அளவுதான்.

ஹார்விக்கும் ஒரு குறை இருந்தது. தமனியின் முனையிலிருந்து சிரையின் தொடக்கத்துக்கு இரத்தம் எப்படித் தாண்டுகிறது என்பதை அவர் கண்ணால் காணவில்லை. அவர் 1657-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியரான மால்பிகி நுண்ணோக்கியின் கீழ் ஒரு தவளையின் நுரையீரலை வைத்துப் பார்த்தபோது, மயிரிழையினும் மிக மெல்லிய தந்துகிக் குழாய்கள் தமனியையும் சிரையையும் இணைப்பதைக் கண்டார். எந்த உறுப்பில் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்று நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே நம் இமாம் எழுதிவைத்தாரே, அதே நுரையீரலில்!

திருட்டுக் குற்றச்சாட்டுக்கு வருவோம். நுரையீரல் வழிப்பாதை இமாமுக்குப் பின் ஐரோப்பிய நூல்களில் 1553-இல் செர்வீட்டஸ் என்பவரால் எழுதப்பட்டது. சமயக் கருத்து வேறுபாட்டுக்காக அவ்வாண்டே ஜெனிவாவில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அடுத்து 1559-இல் கொலம்போ என்ற உடற்கூற்றாசிரியர் எழுதினார். திமிஷ்க்கில் முப்பது ஆண்டுகளளவு வாழ்ந்து அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் பெயர்த்த ஆல்பாகோ என்ற இத்தாலியர் வழியாக இமாமின் கருத்து அங்கே சென்றிருக்கலாம் என்பது சிலரின் ஊகம். ஆல்பாகோவின் மொழிபெயர்ப்பில் இமாமின் நூல் ஒன்று 1547-இல் வெனிஸ் நகரில் அச்சானது உண்மை. ஆனால் அது கானூனின் ஐந்தாம் பாகமாகிய கூட்டு மருந்துகளைப் பற்றிய உரை. ஐயம் நியாயமானது, சான்று இல்லை. சான்றில்லாமல் ஒருவரைத் திருடர் என்பதை நம் மார்க்கம் எங்ஙனம் கருதுகிறது என்பதை மேடையில் நிற்போர்க்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஹார்வியின் கணக்கும் கட்டும் எந்த அரபு நூலிலிருந்தும் வந்தவையல்ல.

பிறர் திருடினார்களா என்று கேட்பவர்கள் நாம் என்ன செய்தோம் என்று கேட்பதில்லை. இமாம் மற்றொரு நூலும் எழுதினார்: ‘மூஜஸ்’ என்ற சுருக்கம். மாணவர்க்கு எளிதானது, கைக்கு அடக்கமானது. அது உலகெங்கும் பரவியது. நம் இந்திய நாட்டு யூனானி மதரஸாக்களில் அதுவும், பதினைந்தாம் நூற்றாண்டில் கிர்மானீ அதற்கு எழுதிய ‘நஃபீஸீ’ என்ற விரிவுரையும் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்தன. 1828-இல் கல்கத்தாவில் மூஜஸ் அச்சேறியது. நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்த நம் ஹகீம்கள் இமாமின் பெயரை நன்கறிவர். ஆனால் நுரையீரல் கண்டுபிடிப்பு அந்தச் சுருக்கத்தில் இல்லை. அது பெரிய உரையில் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டு உரையாசிரியர் ஓரிருவர் அதை எடுத்துக் குறிப்பிட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆயினும் அதைக் கையிலெடுத்து, ‘அப்படியானால் கைக்குச் சென்ற இரத்தம் என்னவாகிறது?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டவர் எவரும் எழவில்லை. ஆசிரியரின் பெயரை ஓதிய சமுதாயம் அவருடைய தலைசிறந்த பக்கத்தைப் புரட்டாமல் விட்டது.

அந்தப் பக்கத்தைப் புரட்டியவர் ஓர் எகிப்திய இளைஞர். முஹ்யித்தீன் தத்தாவீ என்பது அவர் பெயர். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்துக்கு ஆய்வுரை எழுத வந்தவர், பெர்லின் நூலகத்தில் கிடந்த கையெழுத்துப் பிரதியைப் படித்து, 1924-இல் தம் ஆய்வுரையில் இச்செய்தியை வெளிப்படுத்தினார். அவ்வாய்வுரைகூட அச்சாகாமல் கிடந்திருக்கும். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானியக் கண் மருத்துவர் மாக்ஸ் மேயர்ஹாஃப் அதைக் கண்ணுற்று, 1930-களில் கட்டுரைகளாக எழுதி உலகறியச் செய்தார். மேடையில் முழங்கிய நண்பரும், தக்பீர் சொன்ன நாமும் இமாமின் சிறப்பை அறிந்தது இந்த இருவரால்தான்.

கிடைத்த விடைகளை எடுத்துக்கொண்டு சில வாரங்களுக்குப் பின் சாத்தாங்காட்டு இளைஞரை மீண்டும் சந்தித்தோம். இதற்குள் விரல் பொருத்தும் மருத்துவத்தைப் பற்றியும் சிறிது படித்திருந்தோம். வெட்டுண்ட கட்டைவிரலை முதன்முதலில் வெற்றிகரமாகப் பொருத்தியவர்கள் 1965-இல் ஜப்பானிய மருத்துவர்கள். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கண்ணுக்குத் தெரியாத இழையால் தைக்கிறார்கள். நம் வடசென்னையில், பழைய மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனையில், டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை மருத்துவத்துக்கென ஒரு துறையை வளர்த்தெடுத்தார். 1782-இல் பஞ்சத்தில் அடிபட்டோர்க்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் தொடங்கி, 1938-இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த இடம் அது. ஆலைகளும் பட்டறைகளும் சூழ்ந்த பகுதியில் கை அறுவைக்கு இத்தகைய துறை எழுந்தது பொருத்தமே.

தமனியை மட்டும் தைத்துச் சிரையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? உள்ளே வந்த இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கும். விரல் நீலம் பாரித்துக் கறுத்து அழியும். அதனால்தான் இரண்டையும் தைக்கிறார்கள்; கூடுமானால் ஒரு தமனிக்கு இரண்டு சிரைகளைத் தைக்கிறார்கள். பட்டறைகளில் வேலை செய்வோர் இல்லங்களுக்கு ஒரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து விரைந்து கொண்டு செல்ல வேண்டும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போட்டால் கெட்டுவிடும்.

நாம் கூறியதையெல்லாம் இளைஞர் பொறுமையாகக் கேட்டார். இமாம் விரலின் பாதையை எழுதவில்லை என்றபோது அவர் முகம் வாடவில்லை. “பாதி வழி காட்டினாரே, அது போதும் பாய்” என்றார். பிறகு பொருத்தப்பட்ட விரலின் நகத்தை மற்றொரு கையால் அழுத்திக் காட்டினார். நகம் வெளுத்தது, கையை எடுத்ததும் சிவந்தது. மருத்துவமனையில் இருந்தபோது செவிலியர் மணிக்கொரு முறை இப்படி அழுத்திப் பார்த்ததாகவும், அந்தப் பழக்கம் இன்னும் தம்மை விடவில்லை என்றும் சொன்னார்.

“அந்தக் கிதாபு இப்ப எங்க கெடைக்கும்?” என்று கேட்டார்.

அது கெய்ரோவில் அச்சு நூலாக வந்துவிட்டது என்று சொன்னோம். பல பிரதிகளை ஒப்புநோக்கி அறிஞர் இருவர் அதைப் பதிப்பித்தார்கள். பதிப்பு வெளிவந்த ஆண்டு 1988; இமாம் வஃபாத்தாகி எழுநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன.